சம்பளம் வாங்குகிறவருக்கும் தூக்கம் வரும்

53 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 81 வயது. டிமென்ஷியா என்னும் மறதிநோய் இருப்பது தெரிந்து நான்கு வருடமாகிறது. சின்ன பக்கவாதம் ஒன்று வந்துபோனதால் ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். போன வருடம் கீழே விழுந்ததிலிருந்து ஆள் துணையில்லாமல் எழுந்து நிற்க முடியவில்லை. ராத்திரியில் மூன்று நான்கு முறை விழித்து, “வீட்டுக்குப் போகணும்” என்று சத்தம் போடுகிறார். வாசகி வேலைக்குப் போகிறவர். பத்து மாதத்துக்கு முன் ஓர் ஏஜென்சி மூலம் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாவை வைத்தார். மாற்று ஆள் கிடைக்காததால் கடந்த நான்கு மாதமாக அவருக்கு ஒரு நாள்கூட லீவு இல்லை. இப்போது அவர் முதுகுவலி என்கிறார், மாதக் கடைசியில் நின்றுவிடுவேன் என்கிறார். இந்த நேரத்தில்தான் அம்மாவின் முன்கையில் இரண்டு கன்றிய தடங்களை வாசகி பார்த்திருக்கிறார். அம்மாவோ, “இவ என் பர்ஸைத் திருடிட்டா” என்று தினமும் சொல்கிறார். பார்த்துக்கொள்கிறவரின் சம்பளத்தில் பாதியை வெளியூரில் இருக்கும் தம்பி கொடுத்துவிடுகிறார், போன் மட்டும் பண்ணுவதில்லை.

வாசகியின் கேள்விகள்: வேலைக்கு வைத்திருக்கும் அந்த அம்மாவுக்குத் தெரியாமல் கேமரா வைக்கலாமா? ராத்திரிக்குத் தூக்க மாத்திரை கொடுக்கலாமா? (மருந்துக்கடையில் கொடுத்த சளி மருந்தில் இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கினாராம்.) “கடைசிவரை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பேன்” என்று அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மீறி முதியோர் இல்லத்தில் சேர்த்தால் அது துரோகமா? கடிதத்தின் கடைசி வரி இது: “ஒரு நாள் விடியற்காலையில், இவங்க போய்ச் சேர்ந்துட்டா தேவலைன்னு நினைச்சுட்டேன் டாக்டர். நினைச்ச உடனே அழுதுட்டேன்.”

அன்புள்ள சகோதரி,

கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த நினைப்பு உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. வருடக்கணக்கில் மறதிநோய்க்காரரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என் முன்னால் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, இதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் ஒருவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருக்கும் துக்கமும் தூக்கமின்மையும் சேர்ந்து பேசுகிற பேச்சு அது. அம்மா மேல் பாசம் இல்லை என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அது “நானே ஏதாவது பண்ணிவிடுவேனோ” என்றோ, “நான் இருந்து என்ன பயன்” என்றோ மாறினால் அன்றைக்கே ஒரு மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். கை ஓங்கத் தோன்றுகிற நிமிடத்தில் அம்மாவைப் பத்திரமாக உட்காரவைத்துவிட்டு, அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் அவர் கத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. இரண்டு பக்கக் கடிதத்தில் அம்மா எத்தனை முறை விழிக்கிறார் என்று கணக்கு இருக்கிறது. அப்போதெல்லாம் யார் எழுந்திருக்கிறார் என்று ஒரே இடத்தில்தான் வருகிறது: “அவங்கதான் பார்த்துப்பாங்க, அதுக்குத்தானே வச்சிருக்கோம்.” உங்கள் வீட்டுப் பிரச்சினையின் முடிச்சு அந்த வரியில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

அந்த அம்மாவின் தூக்கம்

பகலில் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றி, கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வருகிற அதே ஆள் ராத்திரியும் நான்கு முறை எழுந்திருக்கிறார். “அம்மா தூங்கும்போது அவங்களும் தூங்கிக்கலாமே” என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது கூப்பிடுவார்களோ என்று காதைத் திறந்துவைத்துக்கொண்டு படுப்பது ஓய்வாகாது. கைக்குழந்தை வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். குழந்தை வளர்ந்துவிடும் என்ற நம்பிக்கையாவது அங்கே உண்டு.

“அவங்களே லீவு வேண்டாம்னு ஒத்துக்கிட்டாங்க” என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாற்று ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுக் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் ஏற்றுக்கொண்ட 189ஆம் உடன்படிக்கை, வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. கூப்பிட்டால் வர வேண்டும் என்று காத்திருக்கும் நேரத்தை எந்த அளவுக்கு வேலைநேரமாகக் கொள்வது என்பதற்கும் அதில் இடமிருக்கிறது. எல்லா நாடுகளும் அதில் கையெழுத்திடவில்லை. உங்கள் இடத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒரு வழக்கறிஞரிடமோ தொழிலாளர் அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். நான் இதை ஓர் அளவுகோலாக மட்டும் சொல்கிறேன். அந்த அளவுகோலில் உங்கள் வீடு நான்கு மாதமாகத் தேறவில்லை.

அவரிடம் இன்றைக்கே பேசுங்கள். “ஏன் போறீங்க?” என்று கேட்டால் சம்பளத்தைப் பற்றித்தான் பேச்சு திரும்பும். “எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு?” என்று கேளுங்கள். அநேகமாக ராத்திரி என்பார், அல்லது கழிப்பறை என்பார். இரண்டுக்கும் வழி இருக்கிறது. வாரத்தில் ஒரு முழுநாள் லீவு, வாரத்தில் இரண்டு ராத்திரி வேறொருவர் பொறுப்பு, பகலில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம். இந்த மூன்றையும் தாளில் எழுதி இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். லீவு நாளுக்கு ஆள் அனுப்புவதை ஏஜென்சியோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். இதற்குப் பிறகும் அவர் போவதாகச் சொன்னால், நல்லபடியாக அனுப்பிவையுங்கள். அடுத்து வருகிறவருக்கு முதல் நாளிலிருந்தே இதுதான் ஏற்பாடு.

முதுகுவலிக்கு வருகிறேன். அம்மாவை எப்படி எழுப்புகிறார்கள் என்று ஒருமுறை நின்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் முன்னால் நின்று, இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, மேல்நோக்கி இழுப்பார்கள். தூக்குகிறவரின் இடுப்பும் போகும், தூக்கப்படுகிறவரின் தோள்பட்டையும் போகும். நோயாளியைக் கையால் தூக்கும்போது நல்ல சூழ்நிலையிலேயே ஏறக்குறைய 16 கிலோவுக்கு மேல் ஒருவர் தாங்கக் கூடாது என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு நிபுணர்கள் சொல்லும் வரம்பு. உங்கள் அம்மா அதைப் போல் எத்தனை மடங்கு இருப்பார்!

சரியான முறை இது. முதலில் அம்மாவைக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்தி, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காரவையுங்கள். பாதங்களை முழங்காலுக்கு நேர் கீழேயோ கொஞ்சம் உள்ளேயோ இழுத்துவையுங்கள். வழுக்காத செருப்பு இருக்கட்டும். பக்கத்தில் நின்று, “மூக்கு கால்விரலுக்கு நேரே வரட்டும்” என்று சொல்லி முன்பக்கம் சாயவையுங்கள். சாய்ந்ததும் பின்பக்கம் தானாகவே லேசாகும். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி அவரையே எழச்சொல்லுங்கள், நீங்கள் இடுப்பில் தாங்கினால் போதும். இதற்கென்றே கைப்பிடி வைத்த இடுப்புப் பட்டை கிடைக்கிறது. ஒரு பிசியோதெரபிஸ்ட்டை ஒரு தடவை வீட்டுக்கு வரவழைத்து, உங்கள் இருவருக்கும் சேர்த்தே இதைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அவருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் குற்றம் கண்டுபிடித்தது போலிருக்கும்.

அந்தக் கன்றிய தடங்கள்

நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை. முதியவர்களைத் துன்புறுத்துவது நடக்கத்தான் செய்கிறது. அதைச் சம்பளத்துக்கு வந்தவர்தான் செய்வார் என்பதும் இல்லை, சொந்தக் குடும்பத்தாரும் செய்கிறார்கள். ஆனால் வயதான தோல் மெல்லிய தாளைப் போன்றது. ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்குக் கட்டில் சட்டத்தில் லேசாக இடித்தாலே முன்கையில் ஊதா நிறத்தில் படர்ந்துவிடும். தற்செயலாக ஏற்படும் கன்றல்களைப் பற்றி அமெரிக்காவில் முதியவர்களிடம் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பத்தில் ஒன்பது பங்கு கைகால்களில்தான் இருந்தன. கழுத்திலும் காதிலும் பிட்டத்திலும் ஒன்றுகூட இல்லை. நிறத்தை வைத்து எத்தனை நாளானது என்று சொல்ல முடியாது என்பதும் அதில் தெரிந்தது.

ஆகவே இரண்டு தடங்களை வைத்து மட்டும் அந்த அம்மா மேல் பழிபோட மாட்டேன். கழுத்து, காது, முகம், உள்தொடை, முதுகு ஆகிய இடங்களில் தடம், மேல்கையில் விரல் பதிந்ததுபோல் வரிசையாகத் தடம், எப்படி வந்தது என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு கதை, குறிப்பிட்ட ஒருவர் கிட்டே வந்தாலே அம்மா உடம்பைச் சுருக்கிக்கொள்வது: இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காதீர்கள். அம்மாவை அவரோடு தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் காட்டி, முதியோர் பாதுகாப்புக்கான அதிகாரிகளிடமோ காவல்துறையிடமோ சொல்லுங்கள். இப்போதைக்குத் தேதி போட்டுப் படம் எடுத்துவையுங்கள், அம்மாவின் மருத்துவரிடம் காட்டுங்கள். குளிப்பாட்டும்போது வாரத்துக்கு ஒருமுறையாவது நீங்களும் கூட இருங்கள். உடம்பு முழுவதையும் பார்க்கக் கிடைக்கும் இயல்பான நேரம் அதுதான். குதிகாலிலும் முதுகடியிலும் அழுத்தத்தால் தோல் சிவக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

பர்ஸ் விஷயம் வேறு. “என் பொருளைத் திருடிட்டாங்க” என்பது மறதிநோயில் மிகச் சாதாரணமாக வரும் பேச்சு. வைத்த இடம் மறந்துபோகிறது, மறந்தது என்பதும் தெரிவதில்லை, மிச்ச இடத்தை மூளை ஒரு கதையால் நிரப்பிக்கொள்கிறது. அருகில் அதிக நேரம் இருப்பவர்தான் அந்தக் கதையில் திருடர். ஆகவே இதைக் குணக்கேடு என்று கோபிக்க வேண்டாம். “அவ எடுக்கலம்மா” என்று வாதாடவும் வேண்டாம். “காணோமா? வாங்க, தேடுவோம்” என்று சேர்ந்து தேடுங்கள். அதேபோல் இன்னொரு பர்ஸ் வாங்கிவையுங்கள். நிஜமான நகை, பணம், வங்கி அட்டைகளைப் பட்டியல் எழுதிப் பூட்டிவையுங்கள். உண்மையிலேயே ஏதாவது காணாமல் போனாலும் தெரியும், அந்த அம்மாவுக்கும் பாதுகாப்பு. தினமும் திருடி என்று பட்டம் வாங்கிக்கொண்டே ஊட்டிவிடுகிறார் அவர். “அது நோய் பேசுற பேச்சு, எங்களுக்குத் தெரியும்” என்று நீங்கள் ஒருமுறையாவது அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா?

கேமராவைப் பற்றி ஒரே பத்தி. தெரியாமல் வைக்காதீர்கள். குளியலறையிலோ அந்த அம்மா உடை மாற்றும், படுக்கும் இடத்திலோ எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. பல இடங்களில் அது சட்டப்படியே குற்றம். பொது அறையில், இருவருக்கும் சொல்லிவிட்டு வைக்கலாம். அம்மா விழுந்தால் எப்படி விழுந்தார் என்று தெரிய அது உதவும். ஆனால் தூங்காத ஒருவரைக் கேமரா வைத்துக் கண்காணிப்பதால் அவர் தூங்கிவிடப் போவதில்லை.

ராத்திரி மருந்து

அந்தச் சளி மருந்தை நிறுத்துங்கள். சளி மருந்துகள் பலவற்றில் இருக்கும், தூக்கம் வரவழைக்கும் பழைய வகை ஒவ்வாமை மருந்துகள் மறதிநோய் மூளையில் குழப்பத்தை அதிகமாக்கும், சிறுநீரை அடைக்கும், மலத்தை இறுக்கும். இரண்டு ராத்திரி தூங்கிவிட்டு மூன்றாம் நாள் இன்னும் மோசமாவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பொதுவாகக் கொடுக்கும் தூக்க மாத்திரைகளில் பலவும் இந்த வயதில் கீழே விழவைக்கும், உங்கள் அம்மாவோ ஏற்கெனவே விழுந்தவர். மனநோய்க்கான சில மருந்துகளைக் கலவரத்தை அடக்கக் கொடுப்பதுண்டு. மறதிநோயுள்ள முதியவர்களில் அவை இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இலேயே கடுமையான எச்சரிக்கை விடுத்தது. ஒருபோதும் கூடாது என்பதில்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து ஏற்படும் நிலையில், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கலாம்.

மாத்திரைக்கு முன்னால், எதனால் விழிக்கிறார் என்று தேடுங்கள். மூட்டுவலியா, மலச்சிக்கலா, சிறுநீர் முட்டுகிறதா? நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி விழிக்கத்தான் செய்வார், காலையில் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நினைவாற்றலுக்குக் கொடுக்கும் டோனெபெசில் சிலருக்குக் கெட்ட கனவைக் கொண்டுவரும், அதையும் காலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்கலாம். பகலில் மூன்று மணி நேரம் தூங்கவிட்டுவிட்டு ராத்திரி தூங்கச் சொல்ல முடியாது. காலை வெளிச்சத்தில் உட்காரவையுங்கள், பகல்தூக்கம் அரைமணியோடு நிற்கட்டும். ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: விழித்த நேரம், என்ன கேட்டார், என்ன செய்ததும் அடங்கினார். அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். நான் எழுதிக்கொடுக்கும் மருந்துச்சீட்டைவிட அது பலமுறை பயன்பட்டிருக்கிறது.

குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று ஏறினாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து படுத்தாலோ, “மறதிநோய் முத்திப்போச்சு” என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, புது மருந்து என்று ஏதாவது காரணம் இருக்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது.

தம்பியின் பங்கு

தம்பி மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. ஆனால் பாதிச் சம்பளம் கொடுப்பது சின்ன விஷயமில்லை. அது இல்லையென்றால் அந்த அம்மாவும் இல்லை. அவருடைய தப்பு, பணத்தோடு முடிந்துவிட்டது என்று நினைப்பது. உங்களுடைய தப்பு, “அவனுக்கே தோணணும்” என்று காத்திருப்பது. தோன்றாது. தூரத்தில் இருப்பவர் கண்ணில் ராத்திரிகள் படுவதில்லை.

மறதிநோயுள்ளவரை வீட்டில் பார்த்துக்கொண்ட கணவன்மார், மனைவிமார் 406 பேரை நியூயார்க்கில் மேரி மிட்டல்மன் குழுவினர் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஆறு ஆலோசனை அமர்வுகள், அவற்றில் நான்கு மற்ற குடும்பத்தாரையும் கூட்டிவைத்து நடந்தவை. அதன்பின் ஆதரவுக் குழு, தேவைப்படும்போது போனில் பேச்சு. அந்தக் குடும்பங்களில் நோயாளியை இல்லத்தில் சேர்க்க வேண்டிய நாள் இடைமதிப்பில் 557 நாள் தள்ளிப்போனதாக 2006இல் வெளியிட்டார்கள். நோயாளிக்குப் புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. பார்த்துக்கொள்கிறவரைச் சுற்றி ஆள் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே தம்பியையும் அவர் மனைவியையும் ஒரு வீடியோ அழைப்பில் உட்காரவையுங்கள். முடிந்தால் அம்மாவின் மருத்துவரோ ஆலோசகரோ உடனிருக்கட்டும், அக்கா சொன்னால் புலம்பலாகத் தெரிவது வெளியாள் சொன்னால் தகவலாகத் தெரியும். “கொஞ்சம் உதவி பண்ணு” என்று கேட்காதீர்கள், வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மருந்து தீர்வதற்கு முன் வரவழைப்பது, மருத்துவர் நேரம் வாங்குவது, ஏஜென்சியோடு பேசுவது எல்லாம் தூரத்திலிருந்தே செய்யலாம். அம்மா அதிகம் கலங்குகிற சாயங்கால நேரத்தில் தினமும் பத்து நிமிடம் அவரோடு பேசட்டும். வருடத்தில் இரண்டு வாரம் வந்து தங்கி முழுப்பொறுப்பையும் எடுத்துக்கொள்ளட்டும். வாரத்தில் இரண்டு ராத்திரி மாற்று ஆளுக்கு ஆகும் செலவில் அவர் பங்கு எவ்வளவு என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்.

உங்கள் உடம்பு

ரத்த அழுத்த மாத்திரையை “ஞாபகம் வந்தால்” சாப்பிடுவதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இது எனக்குக் கவலையாக இருக்கிறது. துணையைப் பராமரித்த முதியவர்களைப் பற்றி 1999இல் வெளிவந்த பிரபலமான ஆய்வில், அந்தப் பொறுப்பால் மனஅழுத்தத்துக்கு ஆளானவர்களிடையே நான்கு வருட இறப்பு விகிதம், பராமரிக்காதவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. பராமரித்தும் அழுத்தம் ஏறாதவர்களிடம் அப்படிக் குறிப்பிடும்படியான கூடுதல் இல்லை. நீங்கள் அவர்களைவிட இளையவர், மகள். அந்த எண் அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. சுமை எந்த அளவில் இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்பது பொருந்தும். அதை அளக்க ஸ்டீவன் ஸாரிட் குழுவினர் 1980இல் உருவாக்கிய கேள்வித்தாளின் 22 கேள்வி வடிவம் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள். அந்த அம்மாவிடமும் ஒன்று கொடுக்கலாம். அது குடும்பத்தாரை நினைத்து எழுதியது என்றாலும், பேச்சை ஆரம்பிக்க உதவும். உலக சுகாதார நிறுவனம் மறதிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக ‘ஐசப்போர்ட்’ என்ற பயிற்சித் திட்டத்தையும் வைத்திருக்கிறது, தூக்கம் வராத ராத்திரியில் படிக்க ஏற்ற சின்னச்சின்னப் பாடங்கள்.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு

அப்பா இறக்கும்போது அம்மா தானே எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குக் கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் இந்த நோய் தெரியாது. “அம்மாவைக் கைவிட மாட்டாயே?” என்பதுதான் அவர் கேட்டிருக்கக்கூடியது. எந்தக் கூரைக்குக் கீழே என்பது நிலைமையைப் பொறுத்தது. வீட்டில் இரண்டு பெண்கள் தூங்காமல் தள்ளாடிக்கொண்டு பார்த்துக்கொள்வதைவிட, முறை வைத்து ஆட்கள் மாறுகிற இடத்தில் அம்மா பாதுகாப்பாக இருக்கலாம். நீங்களும் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வரும் மகளாக மட்டும் இருக்கலாம்.

ஆனால் இப்போதே முடிவெடுக்க வேண்டாம். மேலே சொன்ன ஏற்பாடுகளை மூன்று மாதம் செய்து பாருங்கள். இடையில் ஓர் இல்லத்தில் ஒரு வாரம் தற்காலிகமாக விட்டுப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் அம்மா கலங்குவார், அதை வைத்து முடிவுகட்டாதீர்கள். இடம் பார்க்கப் போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் போங்கள். வரவேற்பறையின் அழகை விட்டுவிட்டுக் கழிப்பறை வாசனையைக் கவனியுங்கள். கட்டிவைக்கிறார்களா, எதற்கெல்லாம் தூக்கமருந்து கொடுக்கிறார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். ஊழியர்கள் அங்கே எத்தனை காலமாக இருக்கிறார்கள், வாரத்துக்கு எத்தனை நாள் லீவு, ராத்திரி இரண்டு மணிக்கு எத்தனை பேருக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.